கிராமத்து வாலிபர்களும் வானொலிக் கதைகளும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு இன்ஸ்பெக்டர் பேச எழுந்தால் தவணை தவறிய கடன், பங்குத் தொகை, சேமிப்பு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று தாங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வானொலிக்குரிய கதைகளைத் தயாரிக்கக் கற்றுக்கொடுக்கும் விஷயத்தைத் தங்கள் யோசனைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டென்பதையும், அது சங்கத்தின் உயிர்நாடியையே தொடுவதென்பதையும் எடுத்துக்காட்ட முயலுகிறேன்.

கதை என்றவுடன் ராஜா ராணிக் கதைகளையோ மேடை நாடகத்தையோ நினைக்கவேண்டாம். நான் குறிப்பிடும் வானொலிக் கதையாவது, உண்மையில் நடந்த ஒரு விஷயத்தை, அதில் சம்பந்தப்பட்டவர்கள் தம் சொந்தக் குரலில் சொல்ல, அதைப் பதிவு செய்து, வேண்டாதவற்றை நீக்கி, வேண்டிய இடங்களில் கதை சொல்லுபவரின் சில வார்த்தைகளைச் சேர்த்து, ஐந்து அல்லது பத்து நிமிஷங்களுக்குள் கேட்பவர் மனத்தில் பதியும்படி அமைப்பதாகும். கிணறு வற்றிய கோடையில் ஒரு குடும்பம் எப்படிக் காலந்தள்ளியது, கறவை மாட்டுக்கு நோய் கண்டபோது ஒரு விதவை யாரிடம் ஓடினாள், பட்டணத்துக்கு வேலைக்குப் போன பையன் ஏன் திரும்பி வந்தான் என்பவை யாவும் இவ்வகைக் கதைகளே. கையெழுத்துப் போடத் தெரியாதவரும் இக்கதையைச் சொல்லலாம். படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம்.

இவ்விஷயத்தின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது கவனிப்போம். 1924-ஆம் வருஷத்தில் சென்னையில் ஆர்வமுள்ள சில கனவான்கள் ரேடியோ கிளப் ஒன்றை ஏற்படுத்தி ஒலிபரப்பு நடத்தினார்கள். பணமுடையால் அது நின்றுபோகவே, 1930-இல் சென்னைக் கார்ப்பொரேஷன் அவ்வேலையை மேற்கொண்டது. அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் தேதியிலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16-ஆம் தேதியிலும் ஆரம்பமாயின. அந்நாட்களில் கிராமத்தார் பெரும்பாலும் கேட்பவர்களாகவே இருந்தார்கள். பட்டணத்தில் ஒருவர் பேசுவார். சாவடித் திண்ணையில் பலர் கூடிக் கேட்பார்கள். கேட்டவர் திரும்பிப் பேசுவதற்கு வழி இல்லை.

1956-ஆம் வருஷத்தில் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டது. பூனாவை மையமாகக் கொண்டு ஐந்து ஜில்லாக்களில் 150 கிராமங்களில், யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் ஆதரவுடன், ரேடியோ மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரத்துக்கு இருமுறையாகப் பத்து வாரங்கள், அரைமணி அளவுள்ள 20 நிகழ்ச்சிகள் அக்கிராமங்களுக்கென்று ஒலிபரப்பாயின. கிராமத்தார் கூடிக் கேட்டு, கேட்டதைப் பற்றி விவாதித்து, தங்கள் சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். 1941-இல் கனடா தேசத்து விவசாயிகளுக்காக ஏற்பட்ட ரேடியோ மன்றங்களே இதற்கு மாதிரி. நம் பக்கத்திலும், 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி எடுத்துச் சொன்னதன் பயனாகத் தஞ்சை ஜில்லா உழவர்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டார்கள். காதால் கேட்டதை நம்பி வயலில் விதைக்கும் அளவுக்கு வானொலியின் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது என்பதற்கு இப்பெயர் ஒன்றே சாட்சி.

ஆனால் இவை யாவற்றிலும் பேசும் இடம் நிலையத்தாரிடமே இருந்தது. அந்நிலை மாறத் தொடங்கியது 1995-ஆம் வருஷத்திலாகும். அவ்வருஷம் பிப்ரவரி மாதத்தில், ஒலியலைகள் பொது ஜனங்களின் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. 2002-இல் கல்வி ஸ்தாபனங்கள் சமுதாய வானொலி நடத்த அநுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அத்தகைய வானொலி தொடங்கிற்று. 2006-இல் லாப நோக்கமில்லாத பொது ஸ்தாபனங்களுக்கும் இந்த வசதி விரிவாக்கப்பட்டது. அதன் பயனாக 2008 அக்டோபர் 15-ஆம் தேதி, அப்போது ஆந்திரப் பிரதேசத்தையும் இப்போது தெலங்கானாவையும் சேர்ந்த மாச்சனூர் என்ற கிராமத்தில் சங்கம் ரேடியோ என்னும் நிலையம் தோன்றிற்று. அதை நடத்த முன்வந்தவர்கள் தலித் வகுப்பைச் சேர்ந்த கிராமத்து மாதர்கள். தம் வட்டாரத்துப் பேச்சிலேயே விதையைப் பற்றியும், சிறு தானியத்தைப் பற்றியும், வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் அவர்கள் நிகழ்ச்சிகளைத் தயாரித்தார்கள். நம் மாநிலத்திலும் பாம்பன் கடற்கரையில் மீனவர்களுக்கென்று கடல் ஓசை என்ற வானொலி 2016-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய நிலையங்களின் சக்தி சொற்பமானது. 10 முதல் 15 கிலோமீட்டர் சுற்றளவுக்கே குரல் எட்டும். எனினும் ஒரு கிராமத்தின் செய்தி அடுத்த கிராமத்துக்கு எட்டுவதற்கு அதுவே போதுமானது.

இது நிற்க. கூட்டுறவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சொல்லுகிறேன். 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் ஏழைத் தொழிலாளிகள் கூடி ஒரு கடை வைத்தார்கள் என்பதைத் தாங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் லாபம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ளவில்லை. நூற்றுக்கு இரண்டரை வீதம் அங்கத்தினர்களின் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். அந்தக் கொள்கை அழியவில்லை. 1995-இல் சர்வதேசக் கூட்டுறவு ஸ்தாபனம் வகுத்த ஏழு கொள்கைகளில் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் தகவலும் என்பது. பொதுமக்களுள் வாலிபர்களுக்குக் கூட்டுறவின் தன்மையை விசேஷமாக அறிவிக்கவேண்டும் என்று அதில் கூறியிருக்கிறது. ஆகவே வாலிபர்களின் கல்வி சங்கத்துக்குப் புறம்பான தர்மகாரியம் அன்று. சங்கத்தின் கடமைகளில் ஒன்று.

அடுத்தபடியாக, நம் மகாசபைக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். வருஷ அறிக்கை படிக்கப்படுகிறது. வரவு செலவு படிக்கப்படுகிறது. ஆட்சேபணை உண்டா என்று கேட்கப்படுகிறது. எழுந்து பேசுபவர்கள் யார்? முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாலைந்து பேர். பின்னால் நிற்கும் குத்தகைக்காரர், கதவோரத்தில் அமர்ந்திருக்கும் பெண் அங்கத்தினர், ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலமுள்ளவர் ஆகியோர் கையொப்பமிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. சபையில் சொல்லக் கூச்சம். வீட்டுத் திண்ணையில் தெரிந்த பிள்ளை ஒருவன் அருகில் அமர்ந்து, "பெரியம்மா, நீங்கள் முதல் தடவை கடன் வாங்கப்போன கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், ஒரு மணி நேரம் தங்குதடையின்றிச் சொல்லுவார்கள். மகாசபைக்கு எட்டாத அந்தக் குரலைக் கொண்டுவரும் சாதனம் இந்த வானொலிக் கதை என்பதே என் பிரசங்கத்தின் சாரம்.

பிள்ளைகளால் இது ஆகுமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு விடையாகத் தூரதேசத்து உதாரணம் ஒன்றைக் கூறுகிறேன். அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தின் தென்பகுதியில் ஏழைகளான கறுப்பின மக்கள் வசிக்கும் பேட்டை ஒன்றில், 1993-ஆம் வருஷத்தில் லீஆலன் ஜோன்ஸ் என்ற 13 வயதுச் சிறுவனுக்கும் லாயிட் நியூமன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கும் டேவிட் ஐசே என்ற வானொலித் தயாரிப்பாளர் ஒலிப்பதிவு செய்யக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் பத்து நாட்கள் தங்கள் வீட்டிலும் தெருவிலும் நடப்பவற்றைப் பதிவு செய்தார்கள். தங்கள் குடும்பத்தாரையே கேள்வி கேட்டார்கள். அவற்றிலிருந்து தொகுத்த அரைமணி நிகழ்ச்சி தேசமெங்கும் ஒலிபரப்பாயிற்று.

பின்னர் அதே பேட்டையில் 1994-இல், ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை வேறு இரு சிறுவர்கள் பதினாலாவது மாடியிலிருந்து தள்ளிக் கொன்ற கோர சம்பவம் நடந்தது. பத்திரிகைகள் யாவும் அதைப் பற்றி எழுதின. ஆயினும் அந்த இடத்திலேயே வளர்ந்த ஜோன்ஸும் நியூமனும் அக்கம்பக்கத்தாரிடம் நிதானமாகக் கேட்டுத் தயாரித்த நிகழ்ச்சி, வெளியார் எழுதியவற்றில் இல்லாத உண்மைகளைச் சொல்லிற்று. 1996-ஆம் வருஷத்துக்குரிய பீபாடி என்ற பெரிய ஒலிபரப்புப் பரிசும் அதற்குக் கிடைத்தது. நாம் இதிலிருந்து அறியவேண்டியது இரண்டு. ஒன்று, உள்ளூர்ப் பிள்ளையிடம் ஜனங்கள் மனம் திறப்பதுபோல் வெளியூர் உத்தியோகஸ்தரிடம் திறப்பதில்லை. மற்றொன்று, பெரியவர் முறையைக் கற்பித்துத் துணை நிற்கவேண்டுமேயொழிய, கேள்விகளைப் பிள்ளைகளின் வாயில் திணிக்கக்கூடாது.

இனி, கற்பிக்கும் முறையைக் கூறுகிறேன். முதற்பாடம் கேட்டல். கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே பிள்ளைகளை அதிகாலையில் பால் சங்கத்துக்கு அழைத்துச் சென்று, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் கேட்கச் சொல்லவேண்டும். கேன் மூடி திறக்கும் சத்தம், அளவைச் சொல்லும் குரல், சைக்கிள் மணி, தூரத்துப் பம்புசெட் ஆகியவற்றை அவர்கள் எழுதிக் காட்டவேண்டும். கண் இல்லாத இடத்தில் காதே கண்ணாக இருக்கவேண்டியிருப்பதால், சத்தத்தால் இடத்தைக் காட்டும் வித்தை இந்தப் பயிற்சியிலிருந்தே பிறக்கிறது.

இரண்டாவது பாடம் கதையைத் தேர்ந்தெடுத்தல். பிள்ளைகள் முதலில் "தண்ணீர்ப் பஞ்சம்", "சுகாதாரம்" என்று பெரிய தலைப்புகளைச் சொல்லுவார்கள். இவை விஷயங்கள், கதைகள் அல்ல. கிழக்குத் தெருக் கிணற்றை நான்கு குடும்பங்கள் முறை வைத்து இறைத்தபோது உண்டான சச்சரவு எப்படித் தீர்ந்தது என்பது கதை. யார், அவர் விரும்பியது என்ன, அவரைத் தடுத்தது எது, முடிவில் மாறியது என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் கதை இருக்கிறது. கிடைக்காவிட்டால் இன்னும் தேடவேண்டும்.

மூன்றாவது பாடம் கேள்வி கேட்டல். ஆமாம், இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் முடியும் கேள்வியால் பயனில்லை. "கடன் கிடைத்ததா?" என்று கேட்டால் "கிடைத்தது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "கடன் கேட்கப் போன அன்று காலையிலிருந்து நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் கதை பிறக்கும். பதில் சொல்லுபவர் பேசும்போது நடுவில் "ம், ம்" என்று சொல்லக்கூடாது. தலையை அசைத்தாலே போதும். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் சற்றுப் பொறுத்திருக்கவேண்டும்; மிக முக்கியமான வார்த்தை பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகே வருகிறது. முடிக்கும்போது, "நான் கேட்க மறந்தது ஏதாவது உண்டா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும்.

நான்காவது பாடம் ஒலிப்பதிவு. இதற்கு விலையுயர்ந்த யந்திரம் வேண்டியதில்லை. இப்பொழுது வீடுகளில் உள்ள செல்போனே தொடக்கத்துக்குப் போதும். பதிவு நடக்கும்போது அழைப்பு வராதபடி அதை விமானத்துக்குரிய நிலையில் வைக்கவேண்டும். பேசுபவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக அன்றிச் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்கவேண்டும். நேராகப் பிடித்தால் மூச்சுக் காற்று மோதி இரையும். மைக் உள்ள சிறு துவாரத்தைக் கைவிரலால் மூடிவிடக்கூடாது. வெளியில் காற்று வீசினால் மெல்லிய துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வெறும் சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். பாயும் துணிகளும் நெல் மூட்டைகளும் உள்ள அறை நல்லது. மின்விசிறியை நிறுத்திவிடவேண்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் இக்குறைகள் உடனே தெரியும். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத நிலையில் ஒரு நிமிஷ மௌனத்தையும் பதிந்து வைக்கவேண்டும். பின்னால் துண்டுகளை ஒட்டும்போது இணைப்புத் தெரியாமல் மறைக்க அது உதவும். பதிவின் ஆரம்பத்தில் பெயரையும் தேதியையும் சொல்லவைப்பதும், அன்று மாலையே வேறோரிடத்தில் ஒரு பிரதி எடுத்து வைப்பதும் நம் சங்கக் கணக்கைப் போலவே தவறாத வழக்கமாக இருக்கவேண்டும்.

ஐந்தாவது பாடம் தொகுத்தல். ஒரு மணி நேரப் பேச்சிலிருந்து ஐந்து நிமிஷக் கதை கிடைத்தால் அது நல்ல மகசூல். பிள்ளைகள் பதிவை முழுவதும் கேட்டு, எந்த நிமிஷத்தில் என்ன பேசப்பட்டது என்று நோட்டுப் புத்தகத்தில் குறிக்கவேண்டும். பிறகு, பேசியவரே நன்றாகச் சொன்ன பகுதிகளை அவர் குரலிலேயே விட்டுவிட்டு, இடையில் விளங்காத விவரங்களை மாத்திரம் கதை சொல்லுபவர் சேர்க்கவேண்டும். வெட்டுவதால் பேசியவரின் கருத்து மாறிவிடக்கூடாது. "சங்கம் எனக்கு உதவி செய்தது, ஆனால் காலங்கடந்து செய்தது" என்று ஒருவர் சொன்னால், பின்பாதியை வெட்டி எறிவது பொய்க்கணக்கு எழுதுவதற்கு ஒப்பாகும்.

கதை சொல்லுபவரின் வார்த்தைகள் காதுக்காக எழுதப்படவேண்டும். பத்திரிகை படிப்பவர் புரியாத வாக்கியத்தைத் திரும்பப் படிக்கலாம். வானொலி கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து, ஒரு கதைக்கு ஒன்றிரண்டு புள்ளிவிவரம் என்று வரையறுத்துக்கொள்ளவேண்டும். எழுதியதை வீட்டிலுள்ள பாட்டியிடம் உரக்கப் படித்துக்காட்டுவது சிறந்த பரீட்சை. பாட்டி, "என்னப்பா சொன்னே?" என்று கேட்டால் அந்த வாக்கியத்தைத் திருத்தவேண்டும். நான் இப்பொழுது பேசும் இந்த இலக்கண நடை அவர்களுக்கு வேண்டாம். அவரவர் ஊர்ப் பேச்சே வேண்டும்.

ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் போதும். அவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். பெண்களின் கதைகளைப் பெண்களிடமே மனம்விட்டுச் சொல்லுவார்கள். பத்து ஞாயிற்றுக்கிழமைகளில், பகல் வேளையில், தாய்மார் வந்து பார்க்கக்கூடிய பொது இடத்தில் வகுப்பை நடத்தினால் பெற்றோருக்குக் கவலை இராது. இருவருக்கு ஒரு கருவி என்ற முறையில் ஒருவர் கேட்க, மற்றவர் பதிவைக் கவனிக்கலாம். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரும், அருகில் சமுதாய வானொலி இருந்தால் அதில் பழகிய ஒருவரும் கற்பிக்கலாம்.

தயாரித்த கதைகளை எங்கே ஒலிபரப்புவது என்று கேட்பீர்கள். அருகிலுள்ள சமுதாய வானொலிக்குக் கொடுக்கலாம். அகில இந்திய வானொலியின் இளைஞர் நிகழ்ச்சிக்கு அனுப்பிப் பார்க்கலாம். ஒன்றும் கைகூடாவிட்டாலும், மகாசபை கூடுவதற்கு முன் சங்கக் கட்டடத்து முற்றத்தில் ஒலிபெருக்கி வைத்து எல்லோருமாகக் கேட்டு, பூனா மன்றத்தார் செய்ததுபோல் விவாதிக்கலாம். சமுதாய வானொலியில் அரசியல் பிரசாரத்துக்கு இடமில்லை என்ற விதியைப் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே அறிந்திருப்பது நலம்.

சில ஆட்சேபணைகளுக்கும் பதில் சொல்லவேண்டும். சினிமாவும் செல்போன் படக்காட்சியும் மலிந்த இக்காலத்தில் வானொலி எதற்கு என்பது ஒன்று. படம் பார்க்கக் கையும் கண்ணும் ஓய்ந்திருக்கவேண்டும். வானொலியை நாற்று நடும்போதும், மாடு கறக்கும்போதும், அடுப்படியில் நிற்கும்போதும் கேட்கலாம். மேலும் முகம் தெரியவேண்டியதில்லை என்பதனாலேயே பேச முன்வரும் பெண்கள் அநேகர். படிப்புக் கெட்டுவிடும் என்பது மற்றோர் ஆட்சேபணை. ஒருவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டு, பொருள் பிரித்து, சுருக்கி, தெளிவாக எழுதிப் படிப்பதே படிப்பின் பெரும்பகுதி அன்றோ? இதனால் படிப்பு வளருமேயன்றிக் கெடாது.

ஆயினும் பிள்ளைகளுக்குச் சில கட்டுப்பாடுகள் அவசியம். பேசுபவரின் சம்மதமின்றிப் பதிவு செய்யக்கூடாது. ஒலிபரப்புக்கு முன் அவருக்குப் போட்டுக்காட்டி, வேண்டாம் என்று சொன்ன பகுதியை நீக்கவேண்டும். கடன்பட்டவர் பெயரையும் கணக்கையும் ஒருக்காலும் வெளியிடக்கூடாது. தவணை தவறியவரைத் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்துவது கூட்டுறவுக்கே அவமானம். ஒருவர்மீது குறை சொல்லப்பட்டால் அவருடைய பதிலையும் கேட்டுச் சேர்க்கவேண்டும்.

பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு சொன்னதுபோல் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. ஓர் உதாரணமாக, பால் ஊற்றும் அம்மாள் ஒருவர், "போன வாரம் என் பாலுக்குக் கொழுப்பு அளவு அதிகம் என்றார்கள், இந்த வாரம் அதே மாடு, அதே தீனி, அளவு குறைவு என்கிறார்கள், காரணம் சொல்லுவாரில்லை" என்று மைக்கின்முன் சொல்லுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்பிள்ளையும் பையனும் கருவியுடன் சங்கத்துக்கு வந்து காரியதரிசியிடம் விளக்கம் கேட்பார்கள். அப்போது சங்கத்தார் இரண்டில் ஒன்று செய்யலாம். பரீட்சை செய்யும் யந்திரத்தைக் காட்டி, மாதிரி எடுக்கும் முறையையும் ஒரே மாட்டின் பாலிலேயே அளவு ஏறி இறங்கும் காரணங்களையும் விளக்கி, யந்திரத்தில் பழுது இருந்தால் அதையும் ஒப்புக்கொள்ளலாம். அல்லது, "சிறு பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று விரட்டலாம்.

முதல் வழியைப் பின்பற்றினால், அந்த ஐந்து நிமிஷக் கதை ஊராருக்குத் தரும் நம்பிக்கையைப் பல சுற்றறிக்கைகள் தரமாட்டா. இரண்டாவது வழியைப் பின்பற்றினால், அந்த அம்மாளின் சந்தேகம் அழியாது. திண்ணைக்குத் திண்ணை பரவி, ஒருநாள் அவர் பாலைத் தனியார் வண்டிக்கு ஊற்றத் தொடங்குவார். சந்தேகம் வாய்விட்டுச் சொல்லப்படும்போது சங்கத்தைத் திருத்துகிறது. அடக்கப்படும்போது சங்கத்தை அரிக்கிறது. ஆகவே, புகழ்ச்சியை மாத்திரம் ஒலிபரப்பி, குறையை வெட்டிவிடும் உத்தேசம் பஞ்சாயத்தாருக்கு இருக்குமானால், இந்த வகுப்பைத் தொடங்காமல் இருப்பதே மேல். பிள்ளைகளுக்கு உண்மையைக் கேட்கக் கற்பித்துவிட்டு, கேட்டதை மறைக்கச் சொன்னால், அவர்கள் கற்றுக்கொள்ளுவது மறைப்பதைத்தான்.

முதற்கதைக்கு ஏற்ற பொருள் ஒன்றையும் குறிப்பிடுகிறேன். அன்றைய சென்னை மாகாணத்தில் முதல் கிராமக் கடன் சங்கம் 1904-இல் செங்கற்பட்டு ஜில்லா திரூரில் பதிவாயிற்று. அக்காலத்தில் குரலைப் பதிந்து வைக்கும் வசதி கிராமங்களுக்கு எட்டாததாகையால், அதில் சேர்ந்த உழவர்கள் என்ன நம்பிக்கையுடன் பங்குத் தொகை கட்டினார்கள் என்பதை அவர்கள் வாயிலிருந்து நாம் கேட்க முடியாது. நம் ஊர்ச் சங்கத்தில் மூத்த அங்கத்தினர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். சங்கத்துக்கு முன் வட்டிக்கு வாங்கிய காலம் எப்படி இருந்தது, சங்கம் அவர்களுக்கு எதைச் செய்தது, எதைச் செய்யத் தவறியது என்று அவர்களுடைய பேரன் பேத்திகளே கேட்கட்டும்.

முடிவாக, அடுத்த மகாசபையில் கீழ்க்கண்டவாறு ஒரு தீர்மானம் கொண்டுவருமாறு தங்களை வேண்டுகிறேன். விதிகளுக்கு உட்பட்டு, பொதுநன்மைக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து இரண்டு ஹெட்போன்களுக்கும், ஒரு சிறு மைக்குக்கும், பத்து வார வகுப்புச் செலவுக்கும் தொகை அநுமதிப்பது. ஆறு பையன்களையும் ஆறு பெண்களையும் எல்லாத் தெருக்களிலிருந்தும் தேர்ந்தெடுப்பது. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பஞ்சாயத்தாரும் சிப்பந்திகளும் கணக்கு இரகசியம் நீங்கலாக மறைக்காமல் பதில் சொல்லுவது. தயாராகும் கதைகளை அடுத்த மகாசபையின் ஆரம்பத்தில் எல்லோரும் கேட்பது. இந்த நான்கில் மூன்றாவதையே தாங்கள் நன்கு யோசித்து நிறைவேற்றவேண்டும். மற்றவை பணத்தாலும் உழைப்பாலும் ஆகக்கூடியவை. அது ஒன்றுதான் மனத்தால் ஆகவேண்டியது.